ஜூலையில் நிரம்பும் வகுப்பறை

விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அந்த 2 ரூபாய் மட்டும். தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர, சில ஆண்டுகளாக ஒரு பிள்ளை இணையதளத்தில் கட்டிவரும் தொகை இவ்வளவுதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் அலைமோதும். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பவர் கேட்கும் கூலி, அரசு கேட்பதைவிட அதிகமாகவே இருக்கும். சேர்ந்த பிறகு டியூஷன் ஃபீஸ் கிடையாது. பல்கலைக்கழகக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஜூன் மாதத்தில் நாளிதழ்களைப் புரட்டினால் நீட் முடிவும் ஐஐடி தரவரிசையும்தான் கண்ணில் படும். தனியார் பொறியியல் கல்லூரிகளின் முழுப்பக்க விளம்பரங்களில் கோட்டு சூட்டுப் போட்ட மாணவர்கள் சிரிக்கிறார்கள். பக்கத்திலேயே சம்பளத் தொகை. அரசு கலைக் கல்லூரிக்கு விளம்பரம் கிடையாது. 'புள்ள என்ன பண்றான்?' என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், 'ஆர்ட்ஸ் காலேஜ்ல சேர்ந்திருக்கான்' என்பதை அப்பா சற்றே குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார். உயர்கல்வியில் இந்த மாநிலத்துக்கு இருக்கும் நம்பிக்கையின் பெரும்பகுதி, இப்படிக் குரல் தாழ்த்திச் சொல்லப்படும் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாநிலத்தில் இப்போது 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது. கும்பகோணம் கல்லூரிக்கும் வயது ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இன்னொரு முனையில், போன ஆண்டு அறிவித்து, அரசுப் பள்ளியில் நாலு அறையைக் கடன் வாங்கி நடக்கிற கல்லூரிகளும் உண்டு. பெயர்ப்பலகை மட்டும் புதிது. கரும்பலகைக்கு மேலே 'வகுப்பு 9 ஆ' என்று எழுதியது அழியாமல் இருக்க, அதன் கீழே பி.காம். முதலாண்டு நடக்கும்.

கலந்தாய்வு நாளில் போய்ப் பார்க்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் தரவரிசைப் பட்டியல். மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடங்களுக்கு 400-க்கு எவ்வளவு என்பதுதான் கட்-ஆஃப். பிள்ளைகள் விரலை வைத்துத் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள். மரத்தடியில் அம்மாக்கள், அவர்களில் பலர் அன்றைக்கு நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். கையில் ஜெராக்ஸ் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் டி.சி., பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட், சாதிச் சான்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அந்த ஃபைலை யாரும் கீழே வைப்பதில்லை. டீ குடிக்கும்போதுகூட அக்குளில் இடுக்கிக்கொள்கிறார்கள்.

காலையில் பி.காம்., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும் முதலில் நிரம்பும். மதியத்துக்கு மேல் மேசைக்கு வரும் பிள்ளைக்குக் கேள்வி வேறு மாதிரி வரும். "மேக்ஸ் இருக்கு, ஹிஸ்டரி தமிழ் மீடியம் இருக்கு. எதும்மா வேணும்?" மூன்று வருஷப் படிப்பைத் தேர்ந்தெடுக்க அரை நிமிஷம். அந்தப் பெண் திரும்பி அப்பாவைப் பார்க்கிறாள். அவர் பேராசிரியரைப் பார்க்கிறார். "நீங்களே பாத்து ஒண்ணு போடுங்க சார்." பின்னால் வரிசை நெருக்குகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் நல்லவராக இருந்தால், "பிளஸ் டூவுல எது பிடிச்சுதும்மா?" என்று இன்னொரு கேள்வி கேட்பார். அவசரக்காரராக இருந்தால், எந்தத் துறையில் இடம் காலியோ அதில் எழுதிவிடுவார். பல ஆயிரம் பேருடைய வாழ்க்கை இப்படி முடிவாவது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அப்படி விருப்பமில்லாமல் வரலாற்றுக்குள் வந்துவிழுந்து, பின்னாளில் அதே துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களை எல்லா மாவட்டத்திலும் பார்க்கலாம்.

சிலரது ஃபைலில் இன்னொரு தாளும் இருக்கும்: முதல் பட்டதாரிச் சான்றிதழ். இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த் துறை விசாரித்துத் தரும் சான்று. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகைக்காக வந்தது அது. கலைக் கல்லூரியில் அதனால் பெரிய லாபமில்லை. இருந்தாலும் வாங்கி வைத்திருக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று.

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22-ன்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 47 சதவீதம் பேர் கல்லூரியில் இருக்கிறார்கள். நாட்டின் சராசரி 28.4. நம் மாநிலத்தில் ஆண்களின் விகிதம் 46.8, பெண்களுடையது 47.3. வித்தியாசம் அரைச் சதவீதம்தான். ஆனால், பூப்பெய்திய பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்திய பாட்டிகள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே இது நடந்திருக்கிறது.

இதன் பின்னணியில் ஒரு திட்டத்தின் கதை இருக்கிறது. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. உதவித்தொகை படிப்படியாக உயர்ந்தது. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-ல் அது 8 கிராம் ஆனது. பெண்ணைப் பத்தாவது வரையாவது படிக்க வைத்தால்தான் பணம் என்று நிபந்தனை வைத்து, கல்யாணத்தைக் காட்டிப் படிப்பை வாங்கிய திட்டம் அது. 2022-ல் அதைத் தலைகீழாக்கினார்கள். கல்யாணத்துக்கு என்று இருந்த பணம் கல்லூரிக்குத் திரும்பியது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால், மாதம் 1,000 ரூபாய் அவளது வங்கிக் கணக்கில் விழும். புதுமைப் பெண் என்று பெயர். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ல் தொடக்கம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. தாலித் தங்கத்தை நிறுத்தியதற்கு அப்போது முணுமுணுப்பு எழாமல் இல்லை. எனக்கென்னவோ இந்த மாநிலம் அண்மைக் காலத்தில் எடுத்த துணிச்சலான முடிவுகளில் ஒன்றாகவே அது படுகிறது.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், மாதக் கடைசியில் ஆயிரம் ரூபாய் இல்லாமல் இருந்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். போன் ரீசார்ஜ், ஷேர் ஆட்டோ, நாப்கின், ரெக்கார்டு நோட்டு, செமஸ்டர் பரீட்சைக் கட்டணம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை; அதனால் பஸ் செலவு மிச்சம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தக் கணக்கும் ஏ.டி.எம். கார்டும் அவள் பெயரில் இருப்பது. 'அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிரலாம்' என்று மாமா வந்து உட்காரும்போது, 'இன்னும் ஒன்றரை வருஷம் பணம் வரும், இருக்கட்டும்' என்று அம்மாவுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. படிப்பின் பெருமையைச் சொல்லி நிறுத்த முடியாத கல்யாணங்கள் சில, கணக்குச் சொல்லி நிற்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் கல்லூரி வாசல் வரை. அதற்கு உள்ளே போனால் சங்கதி வேறு.

நம் பள்ளிகளில் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க ஆளில்லை. மலையடிவாரத்து ஊரிலிருந்து காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பதரைக்குக் கல்லூரி வர முடியும். அடுத்த பஸ் பத்து மணிக்கு. ஆறே முக்காலுக்குள் வீட்டில் சோறு ஆகாது. டிபன் பாக்ஸ் கொண்டு வராதவர்கள் மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போகிறார்கள். நூலகத்தில் கூட்டம் என்று கல்லூரி முதல்வர்கள் பெருமைப்படுவதற்கு முன்னால், மணி என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. காலை உணவுத் திட்டத்தைத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்து நாடே திரும்பிப் பார்க்கும்படி செய்த மாநிலத்துக்கு, அரசுக் கல்லூரியில் ஒரு வேளைச் சோறு போடுவது எட்டாத காரியம் இல்லை.

அடுத்தது, வேலை. கலைக் கல்லூரிப் பையன்களில் கணிசமானவர்கள் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டேதான் படிக்கிறார்கள். அதில் முக்கியமானது கேட்டரிங். கல்யாண மண்டபத்தில் முந்தின நாள் ரிசப்ஷனுக்கும் மறுநாள் காலைப் பந்திக்கும் பரிமாறப் போகிறார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் உறை. விடியற்காலை இரண்டு மணிக்கு மண்டபத்துப் பாயில் படுத்து, ஐந்து மணிக்கு எழுந்து இலை போட வேண்டும். ஆவணியிலும் தையிலும் எந்தெந்த நாள் முகூர்த்தம் என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமல், முதலாண்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த பையன் இலைக்கு முன்னால் தன் துறைத் தலைவரைப் பார்த்துத் திகைத்து நிற்பதும், அவர் பேசாமல் கப்பை நீட்டுவதும் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வறையில் அடிக்கடி பேசப்படும் கதை. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளிக்கடைகள் ஆள் எடுக்கும். அதற்குப் போனவர்களில் சிலர் பொங்கல் வரை நீட்டிக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதில்லை. 75 சதவீத வருகைப்பதிவு இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. ஒரு செமஸ்டர் போனால், மூன்று வருஷமும் போனது போலத்தான் அவர்களுக்குத் தோன்றுகிறது.

ஜூலையில் கடைசி பெஞ்சு வரை நிரம்பியிருந்த வகுப்பு ஜனவரியில் காற்றாடுவது இப்படித்தான். சேர்க்கை எண்ணிக்கையை அமைச்சர்கள் மேடையில் சொல்கிறார்கள். தேவை கூடினால் 20 சதவீதம் கூடுதல் இடம் என்று அரசாணையும் வருகிறது. இரண்டாம் செமஸ்டரில் எத்தனை பேர் மிச்சம் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. புள்ளிவிவரம் கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்கிறது. பரீட்சைக் கட்டணம் கட்டியவர்களின் பட்டியலை எடுத்து எண்ணினால் போதும்.

முதலாண்டில் தொலைந்துபோவது ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்குக் கும்பகோணம் கல்லூரியை நினைவூட்டலாம். 1904-ல் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்த ஒரு பையன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. கட்டணம் கட்ட வழியில்லாமல் வீட்டை விட்டே ஓடி, விசாகப்பட்டினம் வரை போனான். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்ச்சி பெறவில்லை. அவன் பெயர் இராமானுஜன். மேதை என்பதால் அவன் கதை தப்பியது. மேதையாக இல்லாத, நம்மைப் போன்ற சராசரிப் பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கடிதம் வராது. அவர்களைத் தக்கவைக்கக் கல்லூரியே ஏதாவது செய்தால்தான் உண்டு.

மொழிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸில் உட்காரும் பிள்ளை, முதல் மாதம் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். புரிந்து ஆட்டுவதில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்வதைத் தமிழ் எழுத்திலேயே 'டேட்டா ஸ்ட்ரக்சர் ஈஸ் எ வே ஆஃப்' என்று எழுதிக்கொள்ளும் நோட்டுகள் உண்டு. அந்த நோட்டைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். கேட்டதை ஒரு சொல் விடாமல் பிடித்துவைக்கப் பதினேழு வயதுப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது. இன்னொரு பக்கம், பி.ஏ. தமிழுக்கும் தமிழ்வழி வரலாற்றுக்கும் புது மவுசு வந்திருக்கிறது. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தாள் கட்டாயம் ஆகிய இரண்டும் காரணம். இலக்கிய ஆர்வத்தால் வருவதில்லையே என்று தமிழ்ப் பேராசிரியர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். குரூப் 4 கனவோடு வந்தவர்கள் குறுந்தொகையில் சிக்கிக்கொள்வதும் நடக்கிறது. வந்த காரணமும் தங்கும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இனி, பாடம் நடத்துகிறவர்கள். இந்தக் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர்களில் ஏழாயிரம் பேருக்கு மேல் கவுரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய். அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதம் சம்பளம் இல்லை. இவர்களில் பலர் முனைவர் பட்டமும் நெட், செட் தேர்ச்சியும் உள்ளவர்கள். பதினைந்து ஆண்டுகளாக இதே நிலையில் இருந்து தலை நரைத்தவர்களும் உண்டு. நிரந்தரப் பணிக்கான தேர்வு அறிவிப்பு வரும், தள்ளிப்போகும், வழக்குக்குப் போகும்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து, 'நல்லாப் படிச்சா மேல வந்துரலாம்ப்பா' என்று சொல்ல வேண்டியவர் இவர்தான். நன்றாகப் படித்தவர், மேலே வராதவர். அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனித்தால், நம் உயர்கல்வியைப் பற்றி எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்காத விஷயம் தெரியவரும். பலர் அந்த வாக்கியத்தைச் சொல்வதே இல்லை. நேராகப் பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இருந்தாலும், வகுப்புக்கு வராத பையனுக்கு போன் போட்டு, 'எங்கடா இருக்க? மதுரையிலயா? திங்கக்கிழமை வந்துரு, இன்டர்னல் இருக்கு' என்று தன் செலவில் கூப்பிடுவதும் பெரும்பாலும் இவர்கள்தான். அதற்குக் காரணம் தியாக உணர்வு என்று மாலை போட்டு முடித்துவிடுவது அரசுக்கு வசதி. ஒரு ஊரில் மருத்துவரே இல்லாமல் மருத்துவமனை கட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டோம்; ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு புதுக் கல்லூரி திறந்தால் பேனர் வைக்கிறோம்.

மேலேயும் அப்படித்தான். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு ஓராண்டுக்கும் மேலாக ஒருங்கிணைப்புக் குழுவை வைத்து ஓடியது. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் மற்ற சில பல்கலைக்கழகங்களுக்கும் இதே கதி. பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவது என்ற சண்டை, பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்துத் தெரியவரும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நம்பிக்கை என்கிறாயே என்று கேட்கலாம். சில துறைகளில் நடப்பதைப் பார்த்ததால்தான் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் கணிதத் துறையில் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பெரிய திட்டமெல்லாம் இல்லை. அதே பஸ் ரூட்டில் வருபவராகப் பார்த்துச் சேர்த்ததுதான் ஒரே சூட்சுமம். பையன் இரண்டு நாள் பஸ்ஸில் இல்லையென்றால் அண்ணனுக்குத் தெரியும், அண்ணன் மூலம் துறைக்குத் தெரியும். தீபாவளி சீசன் வேலைக்குப் போகிறவர்களை அவர்கள் தடுக்கவில்லை. எந்தத் தேதிக்குத் திரும்பி வருகிறாய் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு கல்லூரியில் காலை முதல் மணியை அரை மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, போக்குவரத்துக் கழகத்துக்கு மனுமேல் மனுவாகப் போட்டு ஒரு டவுன் பஸ்ஸின் நேரத்தை மாற்ற வைத்தார்கள். இதற்கெல்லாம் அரசாணை தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போட்டார், அவ்வளவுதான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் சுற்றுக் கலந்தாய்வில் கிடைக்கவில்லை என்று பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கம்பெனி வேனில் ஏற்றிவிடாதீர்கள். பல கல்லூரிகளில் கணிதம், இயற்பியல் பிரிவுகளில் இடம் மீதமிருப்பதும், வகுப்பு தொடங்கிய பிறகும் அந்த இடங்களுக்குச் சேர்க்கை நடப்பதும் வழக்கம். கல்லூரி அலுவலகத்துக்கே நேரில் போய் விசாரியுங்கள். போனில் கேட்டால் சரியான பதில் வருவதில்லை. டி.சி.யின் ஒரிஜினலை எந்தத் தனியார் கல்லூரியிலும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டாம். திரும்ப வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். சேர்ந்த வாரத்திலேயே பிள்ளையின் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வனுக்குக் கல்லூரியில் பதிந்துவிடுங்கள். அந்தப் பொறுப்பு ஒரு பேராசிரியரிடம் இருக்கும், அவர் யார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.